கம்ப்ரசர் அண்ணாச்சியின் காற்றுக் குழாய்

காற்றைக் கண்டு பயப்படும் மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் எங்கள் சிகந்தராபாத் லோத்குண்டாவில், என் வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார். மற்றபடி அவருக்குப் பயம் என்பதே கிடையாது. பக்கத்து ராணுவ நிலத்திலிருந்து நல்ல பாம்பு ஒன்று வழி தவறி வந்தபோது, தெருவே மாடியில் ஏறி நிற்க, "ஏ, அங்கிட்டுப் போ" என்று துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்து காபி குடித்தவர் அவர். அதே மனிதர் பிறந்தநாள் விழாவில் யாராவது பலூன் ஊதினால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அவருக்குப் பெயர் உண்டு. கேட்டில் பலகை வைத்து எழுதியும் இருக்கிறது. தபால்காரர் உட்பட யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தெலுங்குக்காரர்களுக்கு அவர் கம்ப்ரசர் சாரு. பிள்ளைகளுக்குக் கம்ப்ரசர் அங்கிள். தெருவில் உள்ள தமிழர்களுக்கு, அவர் திருநெல்வேலிக்காரர் என்பதால், கம்ப்ரசர் அண்ணாச்சி.

எங்கள் பக்கம் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் வெளியே சொல்லக் கூடாத வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கேட்டால் பாதுகாப்புத் துறை என்கிற அர்த்தத்தில் "டிபென்ஸ்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணாச்சியும் அப்படி ஓர் இடத்தில்தான் பணிக்காலம் முழுவதும் இருந்தார். அங்கே என்ன செய்தார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் எதையோ இயக்க அழுத்தி அடைத்த காற்றைப் பயன்படுத்தினார்கள் என்பது மட்டும் லோத்குண்டா முழுவதற்கும் தெரியும். வருஷக்கணக்கில் எல்லாவற்றையும் சொல்லாமல் அடக்கி வைத்த வாய், சொல்லத் தடையில்லாத அந்த ஒரே விஷயத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மெயின் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கடைக்காரர் பாய் மத்தியானம் சாப்பிடப் போகும் முன்பு காற்றுக் குழலை எடுத்துத் தன் பேண்டில் படிந்த தூசியைப் புஸ் புஸ் என்று ஊதிச் சுத்தம் செய்துகொள்வார். ஒரு நாள் நானும் அண்ணாச்சியும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே அண்ணாச்சி இறங்கிவிட்டார். நேராகப் போய் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ பாய், நக்கோ! மேல அடிச்சுக்கிடாதீரும்!"

"கைக்கு சாப்? குச் நை ஹோதா" என்றார் பாய், எதற்கு, ஒன்றும் ஆகாது என்கிற தினுசில் சிரித்துக்கொண்டே.

அண்ணாச்சிக்கு வந்த இந்தி, வேண்டாம் என்கிற அந்த நக்கோவோடு தீர்ந்துவிட்டது. மீதி முழுவதையும் அவர் திருநெல்வேலித் தமிழிலேயே சொன்னார். அந்தக் காற்று தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே புகுந்தால் ரத்தத்தில் கலந்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும், காதில் பட்டால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே தொட்டுத் தொட்டு நடித்துக் காட்டினார். பாய்க்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நடிப்பின் முடிவில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நாக்கைத் தள்ளியது நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து அவர் பேண்டைக் கையால்தான் தட்டிக்கொள்கிறார். நானும் அன்றுதான் முதல் முறையாக இந்த மனிதரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன்.

அண்ணாச்சியின் மனைவி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவர். எல்லோருக்கும் டீச்சர். அண்ணாச்சிக்கும் டீச்சர்தான். ஓய்வு பெற்றதும் அவர் கார் ஷெட்டைத் தன் பட்டறையாக மாற்றிக்கொண்டு, பழைய கொலு பொம்மைகளுக்குப் புது வர்ணம் பூச ஆரம்பித்தார். போலாரம், மௌலா அலி என்று தூரத்திலிருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறம் போன தசாவதாரங்களையும் மூக்கு உடைந்த செட்டியார்களையும் துணியில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகும். டீச்சருக்கு மணிக்கட்டில் வாதம். பிரஷ்ஷை அழுத்திப் பிடித்து வெகு நேரம் வேலை செய்ய முடியாது. காற்றால் வர்ணம் தெளிக்கும் பேனா ஒன்று இருக்கிறது, அழுத்தவே வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அதை வாங்கினார்கள். அதற்குக் காற்று வேண்டுமே, அதனால் ஒரு கம்ப்ரசரும் கார் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆயுள் முழுவதும் காற்றோடு வாழ்ந்தவரின் வீட்டுக்கே காற்று குடிவந்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். அந்தக் கம்ப்ரசர் ஓடினால் என் வீட்டு அலமாரியில் தட்டுகள் பேசிக்கொள்ளும். டீச்சருக்குக் காது மந்தம், மிஷின் வைத்திருக்கிறார். கம்ப்ரசர் இரைச்சலில் காது மிஷின் வீல் என்று கத்தும். ஆகவே அவர் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வேலையில் இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு சின்ன விஷயம். அண்ணாச்சிக்கு இது உயிர்ப் பிரச்னை. ஏனென்றால் அவர் பேசுவதை முழுசாகக் கேட்கக்கூடிய ஒரே ஆள் இந்தப் பூமியில் டீச்சர்தான். மகள் புனேயில் இருக்கிறாள், போன் செய்தால் சிக்னல் இல்லை என்பாள். பேரன் தமிழ் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். நான் பால் வாங்கப் போக வேண்டும் என்பேன். மீதி இருந்த ஒரே ஜோடிக் காதும் கார் ஷெட்டு மேஜை மேல் கழற்றி வைக்கப்பட்டுவிட்டது.

"காலையில எந்திரிச்சு பேப்பர் படிச்சா யார்கிட்டவே சொல்ல?" என்று என்னிடம் கேட்டார். "நான் பேசுதது அவளுக்குக் கேக்கணும். அம்புட்டுத்தான். கம்ப்ரசரைக் கொண்டுபோய்ப் பின்னால துவைக்கிற கல்லுப் பக்கம் வச்சுருதேன். அங்கனயிருந்து குழாய் போட்டுக் காத்தை மட்டும் இங்க கொண்டுவாரேன்."

பிளம்பர் யாதகிரி வந்தார். தோளில் ஒரு கட்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய். அண்ணாச்சி வாசலிலேயே இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டார். யாதகிரிக்கு ஆச்சரியம். "சார், இதி ஹெவி பைப்பு சார். ஏமீ காது" என்று குழாயில் அச்சடித்திருந்த அழுத்தக் கணக்கை விரலால் காட்டினார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை அவரவர் பாஷையில் சொல்லிவிடுவார்கள்.

"அது தண்ணிக்கு எழுதுனது" என்றார் அண்ணாச்சி. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "தண்ணிக் குழாய் உடைஞ்சா ஒழுகும். காத்துக் குழாய் உடைஞ்சா வெடிக்கும். தண்ணியை அமுக்க முடியாது. காத்தை அமுக்கலாம். அமுக்குன காத்து அவ்வளவும் உள்ள கோவத்தோட உக்காந்திருக்குவே. பிளாஸ்டிக் கொஞ்ச நாள் பொறுக்கும், வெயில்ல காயும், ஒரு நாள் சில்லு சில்லாப் பறக்கும். அந்தச் சில்லு உடம்புக்குள்ள போனா எக்ஸ்ரேல கூட லேசுல தெரியாது."

யாதகிரி பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய், இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை ஆரம்பித்தது. அதைப் பார்க்க நான் பால் வாங்குவதையே மறந்தேன்.

கம்ப்ரசரை நேராக இரும்புக் குழாயில் பொருத்தவில்லை. நடுவில் ஒரு முழம் ரப்பர் குழல். மிஷின் நடுங்குகிற நடுக்கம் குழாயின் மூட்டுகளுக்குப் போகக் கூடாதாம். பின்னாலிருந்து முன்னால் கேட்டு வரைக்கும் பக்கச் சுவர் நெடுகக் குழாய் ஓடியது. ஆனால் நேராக ஓடவில்லை. முன்பக்கம் சரிந்து ஓடியது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று "சார், பைப்பு கோணலாக இருக்கிறது" என்று நான்கு பாஷைகளில் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவி மொட்டை மாடியிலிருந்து சொன்னாள். அண்ணாச்சி ஒவ்வொருவரையும் நிறுத்தி விளக்கினார். காற்றில் ஈரம் இருக்கிறது, அழுத்தினால் அது தண்ணீராகிறது, தண்ணீர் பள்ளம் நோக்கி ஓடி ஓர் இடத்தில் சேர வேண்டும், அங்கே ஒரு திருகு வைத்துத் தினமும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டீச்சரின் பேனா வழியாக மகாலட்சுமியின் முகத்தில் துப்பிவிடும். இதனால்தான் கார் ஷெட்டுக்குப் பிரியும் குழாயைக்கூட அவர் பெரிய குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்து, அப்புறம் கீழே இறக்கினார். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீரும் கூடவே இறங்கிவிடுமே. யாதகிரி கடைசி வரை அதைத் தலைகீழ் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கார் ஷெட்டின் வாசல் நிலையை ஒட்டி, கை எட்டும் உயரத்தில், சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு வால்வு. "இதை மேஜை பக்கத்துல வச்சிருக்கலாமே அண்ணாச்சி, டீச்சருக்கு வசதியா இருக்குமே?" என்று நான் கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மனுசன் எங்கவே ஓடுவான்? வாசலுக்குத்தான ஓடுவான். அவன் ஓடுத வழியில வால்வு இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற இடத்தில் யார் எங்கே ஓடப்போகிறார்கள்?

ஆவணி பிறந்தும் மழை எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. வானம் மூடியிருக்கும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், சொட்டு விழாது. தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி தன் புதுக் குழாயைச் சோதனை செய்தார். எதை வைத்து? தண்ணீரை வைத்து. முதலில் காற்றை ஏற்றிச் சோதித்தால் மூட்டு விட்டுப்போகும்போது வெடிக்கும், தண்ணீரை நிரப்பி அழுத்திச் சோதித்தால் ஒழுகுவதோடு நிற்கும் என்பது அவர் வேதம். ஒரு வாளித் தண்ணீரை, கைப்பம்பு வைத்து, குழாய்க்குள் ஏற்றினார். ஒரு மூட்டில் கசிந்தது, இறுக்கினார். மறுபடி ஏற்றினார், கசியவில்லை. பட்டப்பகலில், தெருவே பார்க்க, மொத்தத் தண்ணீரையும் கேட்டுக்கு உள்பக்கம் இருந்த அந்தத் திருகு வழியாகத் திறந்துவிட்டார். செம்பருத்திச் செடி குளித்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. கம்ப்ரசர் சாரு ரகசியமாகத் தண்ணீர் லைன் இழுத்துவிட்டார். கேட்டருகே குழாய் போட்டிருக்கிறார். செடிக்கு ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் வருகிறது.

காலனி அசோசியேஷன் செக்ரெட்டரி எங்கள் தமிழர்தான். அவருடைய முன்னோர் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்டவர்கள். அவர் கமிட்டி ஆட்களோடு வந்து இறங்கினார். நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, கோச்சுக்க நக்கோ. எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, நான் ஜவாப் சொல்லணும் இல்ல? இந்த லைன் எங்கேருந்து வருது?"

"அது தண்ணி லைன் இல்லங்க. காத்து."

"காத்தா? காத்துக்குக் கைக்குப் பைப்பு?" என்று சொல்லிக்கொண்டே செக்ரெட்டரி குனிந்து கேட்டருகே இருந்த திருகைத் திறந்தார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். செக்ரெட்டரி பின்வாங்கினார். அண்ணாச்சி பெருமையாகத் தலையை ஆட்டினார். அடுத்த நொடி சீறல் கரகரத்து, கால் டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் செக்ரெட்டரியின் வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது.

"தண்ணி!" என்றார் செக்ரெட்டரி.

"தண்ணி!" என்று அண்ணாச்சியும் துள்ளினார். "பாத்தியளா, சரிவு வேலை செய்யுது! ஒரு சொட்டு உள்ள தங்கல!"

வாக்குமூலமே கிடைத்துவிட்டது. "முதல்ல காத்துதானங்க வந்துச்சு?" என்று நான் குறுக்கே புகுந்து பார்த்தேன். செக்ரெட்டரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நம்ம ஏரியாவுல எந்தக் குழாய்ல முதல்ல காத்து வராம தண்ணி வருது? உங்க வீட்ல எப்படி?" என் வீட்டிலும் அப்படித்தான். காற்று வந்து, சீறி, இருமி, அப்புறம் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். அண்ணாச்சியின் காற்றுக் குழாய் எங்கள் தெருத் தண்ணீர்க் குழாயைப் போலவே அச்சாக நடந்துகொண்டது.

குழாயைக் கழற்ற வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. குழாய் போனால் கம்ப்ரசர் மறுபடி கார் ஷெட்டுக்குள் வரும். காது மிஷின் மறுபடி மேஜைக்குப் போகும். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்ததால் வேலையை நிறுத்தவும் வழியில்லை. உள்ளே அலமாரியில் வரிசையாகக் கண் எழுதாத தெய்வங்கள் காத்துக்கொண்டிருந்தன.

"உள்ள வந்து பாத்துட்டு அப்புறம் கழத்துங்க" என்றார் அண்ணாச்சி. கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கமிட்டி உள்ளே போகச் சம்மதித்தது. ஆனால் அண்ணாச்சியின் பட்டறைக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. ஒரு டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் மேல் போட்டுக்கொள்ளப் பெரிய அளவில் வைத்திருந்தார். அப்புறம் காதில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பு. எனக்கும் உண்டு. செக்ரெட்டரி முனகினார், அண்ணாச்சி விடவில்லை. எல்லோருடைய காதும் நன்றாக அடைபட்டிருக்கிறதா என்று தானே அமுக்கிப் பார்த்தார். டீச்சர் மேஜையருகே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மீனாட்சிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார்.

கமிட்டியின் காதுகளை இப்படிக் கச்சிதமாக அடைத்த பிறகு, அண்ணாச்சி தன் விளக்கவுரையை ஆரம்பித்தார்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வாழ்நாளில் முதன்முறையாக அத்தனை பேர் அவர் எதிரே நின்று, எங்கும் நகராமல், மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கை குழாயில் ஏறியது, இறங்கியது, சரிந்தது. ஒருவருக்கும் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

செக்ரெட்டரிக்குப் பொறுமை போய்விட்டது. பொம்மைகளின் தூசியை ஊதுவதற்காக ஒரு நீளமான ரப்பர் குழல் சுவர்த் திருகில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், விசையை அழுத்தினால் மட்டும் காற்று விடும் ஒரு துப்பாக்கி. காற்றா தண்ணீரா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தத் துப்பாக்கியைத் திருகிக் கழற்றிவிட்டு, சுவர்த் திருகை முழுசாகத் திறந்தார். அண்ணாச்சி "தொடாதீங்க!" என்று கத்தியதை அவர் வாய் அசைந்ததிலிருந்து ஊகித்தேன். கேட்க முடியாதபடி செய்தவர் அவரேதான்.

குழல் செக்ரெட்டரியின் கையை உதறிக்கொண்டு எழுந்தது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நுனியில் இருந்த பித்தளை மூட்டோடு அது கூரைக்கும் தரைக்கும் மாறி மாறி அடித்தது. பொம்மைக்குப் பூச வைத்திருந்த சுண்ணாம்புப் பொடித் தட்டில் ஓர் அடி, அறை முழுக்க வெள்ளை. ஒருவரைத் தவிர கமிட்டி ஒட்டுமொத்தமாக மேஜைக்கு அடியில் போனது. அந்த ஒருவர் குழலைப் பிடிக்கப் பாய்ந்து, நல்லவேளையாக வழுக்கி விழுந்தார். நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அந்த வெள்ளைப் புகைக்குள் அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு ஓடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஓடவில்லை. பலூனுக்குத் தூணின் பின்னால் ஒளிகிற அந்த மனிதர், தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நடந்தார். வாசல் நிலையருகே கையை உயர்த்தினார். சிவப்புக் கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினார். குழல் பொத்தென்று தரையில் விழுந்தது. அதற்கப்புறம் அது வெறும் ரப்பர்.

நான் காது அடைப்பை எடுத்தேன். மேஜைக்கு அடியிலிருந்து செக்ரெட்டரி வெளியே வந்தார். தலை, மீசை எல்லாம் வெளுத்து, அவரே வர்ணம் பூசாத ஒரு பொம்மையாக நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அதன் வலது பக்கத்தில், நேர் நடுவில், ஏதோ சில்லு தெறித்து ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை விரலால் தடவினார். தன் வலது கண்ணையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஹவ் அண்ணாச்சி. காத்துதான்" என்றார். ஆமாம் என்பது அவர் பாஷையில் ஹவ். "காத்துதான். ஒத்துக்கறேன்."

சேதம், செட்டியார் பொம்மையின் கடையில் இருந்த ஒரு பூசணிக்காய். அப்போதுதான் டீச்சர் திரும்பிப் பார்த்தார். மீனாட்சியின் இரண்டு கண்களும் பிசிறில்லாமல் முடிந்திருந்தன. தன் தோளில் படிந்த வெள்ளையைத் தட்டிக்கொண்டே, "இன்னைக்கு என்ன, காத்து பலமா இருக்கு?" என்று கேட்டார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கம்ப்ரசர் இருந்ததோ பின்பக்கத்தில். கார் ஷெட்டில் இரைச்சலே இல்லை. காது மிஷின் போட்டிருந்தால் இத்தனை ரகளை எப்படிக் கேட்காமல் போகும்? குழாய் கழற்றும் முடிவைக் கமிட்டி ரத்து செய்து, செக்ரெட்டரியே யாதகிரிக்குப் போன் செய்து தன் வீட்டிலும் எல்லா வால்வையும் வாசலருகே வைக்கச் சொன்ன பிறகு, ஒரு நாள் சுவரோரத்தில் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"தம்பி, உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. அந்தச் சனியன் பக்கத்துல இருந்தப்பதான் எனக்கு நிம்மதி. இரைச்சல்னு சொல்லிக் கழட்டி வச்சிருவேன். இப்ப சாக்கு இல்லாமப் போச்சா, மிஷினை மாட்டிக்கிட்டு பேட்டரியைக் கழட்டிருதேன். அவுக சொல்லி நிறுத்துத இடம் எனக்குத் தெரியும். ஊம் சொல்லிருவேன். அவுகளும் சந்தோசமா இருக்காக."

அத்தனை இரும்பு, அத்தனை சரிவு, அத்தனை வளைவு, அத்தனை வால்வு, எல்லாம் பேட்டரி இல்லாத ஒரு காதுக்கு! அன்று நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி வெளியே வந்து பார்த்தாள். அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவேனா என்ன? தினமும் காலையில் அவர் கேட்டருகே குனிந்து திருகைத் திறப்பார், புஸ்ஸ் என்று காற்று சீறும், அந்தக் கால் டம்ளர் தண்ணீர் வரும். தண்ணீரை உற்றுப் பார்த்து, "நேத்தைவிட ஈரம் ஜாஸ்தி" என்று அறிவித்துக்கொண்டே கார் ஷெட்டுக்குள் போவார். உள்ளேயிருந்து அவர் குரலும், சரியான இடைவெளியில் டீச்சரின் ஊமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

போன மாதம் அண்ணாச்சி காய்ச்சலில் படுத்தார். தெருவில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. காலையில் புஸ்ஸ் சத்தம் நின்றுபோனது. பால் வாங்கப் போனவன் அந்தச் சத்தம் இல்லாததால் நேரமே தெரியாமல் திரும்பி வந்தேன். கேட்டருகே யாரும் என்னை நிறுத்தி எதையும் விளக்கவில்லை. இத்தனை நாள் அதற்குத்தானே ஆசைப்பட்டேன்? எனக்கு என்னவோ போலிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் அப்படித் தனியாக வந்ததே இல்லை.

"தம்பி, கொஞ்சம் வாரீங்களா? அவுக பேசவே மாட்டேங்காக. கஞ்சி வேணுமான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டுதாக. எனக்கு வீட்டுல இருக்கவே முடியல." காதைத் தொட்டுக் காட்டினார். "புது பேட்டரி போட்டிருக்கேன். நீங்க வந்து ஏதாவது தப்பாக் கேளுங்களேன். திருத்துததுக்காவது வாயைத் திறப்பாக."

போனேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த உடம்பு அத்தனை சின்னது என்று எனக்கு அதுவரை தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, என் மச்சினன் வீட்டுப் பட்டறைக்கு ஒரு கம்ப்ரசர் வாங்கியிருக்கான். பிளாஸ்டிக் பைப்பே போதும், நேர் மட்டமா இழுத்துடலாம், வால்வு எல்லாம் வேண்டாம்னு பிளம்பர் சொல்றாராம். சரின்னு சொல்லிடட்டுமா?"

எனக்கு மச்சினனே கிடையாது. அது அண்ணாச்சிக்கும் நன்றாகத் தெரியும்.

போர்வை அசைந்தது. ஒரு முழங்கை ஊன்றியது. முகம் என் பக்கம் திரும்பியது.

"என்னவே சொல்லுதீரு?" என்றார், கரகரத்த குரலில். "பிளாஸ்டிக்கா? அந்தப் பய உசிரோட இருக்கணுமா வேண்டாமா? முதல்லயிருந்து சொல்லுதேன், கேளும்…"

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். காது மிஷினின் சின்னச் சக்கரத்தை விரலால் தேடி, முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டார். அண்ணாச்சி தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஆரம்பித்தார். அந்தக் குரல் இல்லாத லோத்குண்டாவில் குடியிருக்க எனக்கு இஷ்டமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சரிவுக்கு வந்தார், வளைவுக்கு வந்தார், வாசல் வால்வுக்கு வந்தார். டீச்சர் ஒரு தடவைகூட ஊம் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.